நாற்பத்தொரு கிரகத்துப் பெரட்டு

பத்துமலையின் ஆள்காட்டி விரல் வீங்கிப் போயிருந்தது. சுங்காய் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் இருபத்திரண்டு வருடம், ஆட்களை வேலை வாங்கும் தண்டலாக இருந்தவர். அந்த விரலை நீட்டி எத்தனையோ பேரை மிரட்டியிருக்கிறார். அப்போதெல்லாம் அது வலித்ததில்லை. இப்போது ஒரே ஒரு பொத்தானை அமுக்கி அமுக்கி, நகக்கண்ணிலிருந்து மணிக்கட்டு வரை விண் விண்ணென்று தெறித்தது.

மேசையில் கோப்பி ஆறிப்போயிருந்தது. கம்பியூட்டர் திரையில் பச்சைப் பச்சையாய் நாற்பத்தொரு கிரகம் அவருக்காகக் காத்திருந்தது. பதினெட்டுதான் முடிந்திருந்தது.

"அண்ணே, விரலு நேந்திரம்பழம் மாதிரி இருக்கு. மிச்சத்துக்கெல்லாம் கவர்னரப் போட்டு விட்டுருங்கலா," என்றான் லியோனார்ட்.

லியோனார்ட் ஒரு கையுறை ஃபேக்டரியின் கிராணி, கணக்கெழுதுகிறவன். ஈப்போவுக்கு வெளியே, மெங்லெம்பு போகும் வழியில் இருந்த ஃபேக்டரி. கீழே பத்துமலை மண்டோராக மேற்பார்க்கும் கையுறை லைன், மாடியில் ஆபீஸ்.

"கவர்னருன்னா யாரு?"

"ஒங்களுக்குப் பதிலா அந்தக் கிரகத்தப் பாத்துக்கிற ஆளு. நம்ம பேச்சுல தண்டல்னு வச்சுக்குங்க."

"தண்டல நம்பி விடச் சொல்றியா? தம்பி, நானே தண்டலு. தொரை காரு வளைவுல திரும்புன ஒடனே தண்டல் என்ன செய்வான்னு எனக்குத் தெரியும்."

"என்ன செய்வான்?"

"மரத்தடியில படுத்துருவான்."

பத்துமலை பத்தொன்பதாவது கிரகத்துக்குப் போனார்.

இது தொடங்கியது ஆகஸ்ட் மாதம், 1986-இல். சீன முதலாளியான தவுக்கே ஒரு கம்பியூட்டரை வாங்கிவந்து ஆபீஸில் வைத்தார். தவுக்கேயின் அப்பா தோட்டத்துக்குள் மளிகைக்கடை வைத்திருந்தவர். அதனால் தவுக்கேவுக்குத் தமிழ் வரும். சுற்றி வளைக்காமல் வரும்.

"பத்துமலை, எல்லா மண்டோரும் இத பழகணும். தீபாவளிக்கு மொத வாரம் நான் வந்து பாப்பேன். பழகலன்னா நீ வீட்டுல இருக்கலாம்."

பத்துமலைக்கு வயது ஐம்பத்தொன்று. திரும்பிப் போகத் தோட்டம் இல்லை. ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டுவிட்டார்கள். குடியிருந்த லயத்தை இடித்துவிட்டார்கள். புந்தோங்கில் வாடகை வீடு. ஐம்பத்தொரு வயது ஆளுக்கு யாரும் புது வேலை கொடுப்பதில்லை. கொடுத்தால் ஜாகா வேலை கொடுப்பார்கள். பதினாறு பெண்களை மேய்த்தவர், பூட்டிய கேட்டை மேய்க்க வேண்டியிருக்கும்.

அன்றே லியோனார்டிடம் போய் நின்றார். இரண்டு நாள் கழித்து லியோனார்ட் ஒரு டிஸ்கெட்டைக் கொண்டுவந்தான்.

"இதுல பழகுங்கண்ணே. தவுக்கே இத வச்சுத்தான் பாப்பாரு."

அதைச் சொல்லும்போது அவன் பத்துமலையின் முகத்தைப் பார்க்கவில்லை. சுத்தமாக இருந்த திரையைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தான்.

விசயம் பெரிதில்லை. திரை முழுக்க வானம். வானத்தில் அங்கங்கே கிரகம். கிரகத்தில் ஆள், சாப்பாடு, ஃபேக்டரி, கப்பல். சுற்றிலும் எதிரி. ஒவ்வொரு வருடமும் ஒவ்வொரு கிரகத்துக்கும் மிசின் ஒரு கேள்வி கேட்கும்: கவர்னர் பார்த்துக்கொள்ளட்டுமா? வேண்டும் என்றால் 'ஒய்', வேண்டாம் என்றால் 'என்'.

"எனக்கு இங்கிலீசு வராதே, தம்பி."

"இதுக்கு இங்கிலீசு எதுக்கு? 'என்' அமுக்குனா, என் வேலை. 'ஒய்' அமுக்குனா, ஓய்வு. அவ்வளவுதான்."

பத்துமலைக்கு ஒரு தடவை சொன்னது போதுமாக இருந்தது. அன்றிலிருந்து அவர் 'ஒய்'யைத் தொடவில்லை.

காலை ஏழரைக்கு லைன் ஓடத் தொடங்கும். ஏழே முக்காலுக்கு அவர் மாடியில் கிரகங்களுக்குப் பெரட்டு எடுப்பார். தோட்டத்தில் விடியுமுன் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிட்டு எண்ணும் அதே பெரட்டு. மிசின் கொடுத்த பெயர்கள் வாயில் நுழையவில்லை. அதனால் தானே வைத்தார்: மேட்டு லயம், குளத்துக்காடு, ஆத்தோரம், பழைய ஆஸ்பத்திரி. ஒவ்வொன்றாக எழுப்பி, ஆள் எத்தனை, சாப்பாடு எத்தனை, கப்பல் எத்தனை என்று லியோனார்டை வாசிக்கச் சொல்வார்.

"மேட்டு லயத்துல மூவாயிரத்து நாப்பது பேரு, அண்ணே."

"நேத்து மூவாயிரத்து அம்பது இருந்தானுங்களே. பத்து பேரு எங்க?"

"செத்துருப்பாங்கண்ணே. ஒரு வருசம் ஆயிருச்சுல்ல."

"சொல்லாம கொள்ளாம சாவானா?"

முதல் வாரத்தில் அரை மணிக்கொரு தரம் கீழே ஓடினார். பத்துக் கிரகம்தான் அப்போது, சமாளிக்க முடிந்தது. கீழே பதினாறு பெண்கள். ரப்பர் பால் தொட்டியில் முங்கி, அடுப்பில் வெந்து, பீங்கான் கைகள் சங்கிலியில் வரிசையாக வரும். அந்தக் கைகளிலிருந்து சூடு ஆறுமுன் கையுறையை உரித்தெடுக்க வேண்டும். பத்துமலை முதுகுக்குப் பின்னால் போய் நிற்பார்.

"கை நீளணும், வாய் நீளக்கூடாது!"

யாரும் பேசியிருக்க மாட்டார்கள். அவர் போய் சங்கிலியின் வேகத்தைக் கூட்டுவார். கால் மணி நேரத்தில் குறைப்பார். பிறகு கூட்டுவார். அவசரத்தில் நகம் படும். கையுறையில் ஓட்டை விழும். மாடிப்படி ஓரத்தில் ஓட்டைக் கணக்கை எழுதி ஒட்டியிருந்தார்கள்: நூற்றுக்குப் பன்னிரண்டு. அதைப் பார்த்தால் அவருக்கு இன்னும் கோபம் வரும். இன்னும் நெருங்கி நிற்பார்.

லைனில் மூத்தவள் வீரம்மா. அதே சுங்காய்த் தோட்டத்துக்காரி. ஒருநாள் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பத்து நிமிடம் பிந்தி வந்தவளுக்குப் பத்துமலை அரைப்பேர் போட்டார். முழு நாள் பால் வெட்டினாள். அரை நாள் சம்பளம். பதினொரு வருடம் ஆகிவிட்டது. அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவாள்.

இரண்டாம் வாரம் கிரகம் இருபது ஆனது. மூன்றாம் வாரம் முப்பத்திரண்டு. பத்துமலைக்குக் கீழே போக நேரமில்லை. படியில் நின்று, "வீரம்மா, கொஞ்சம் பாத்துக்க. நான் மேல பரிச்சைக்குப் பழகணும்," என்றார்.

"நீங்க பழகுங்கண்ணே. நல்லாப் பழகுங்க," என்றாள் வீரம்மா.

லியோனார்டுக்கும் அப்போது ஒரு கவலை இருந்தது. கோப்பெங்கில் ஒரு மனை வாங்கியிருந்தான். வீடு கட்ட வேண்டும். மனை முழுக்க ஆள் உயர லாலாங் புல்.

"ஆளு போட்டு வெட்டலாம்னு இருக்கேன்ணே."

"ஆள விட்டா வெட்ட மாட்டானுங்க. கூடவே நிக்கணும். திரும்புனா பாராங்கத்தியத் தலைக்கு வச்சுத் தூங்கிருவானுங்க."

"எனக்கு நிக்க நேரமில்லண்ணே. வெட்டுனாங்கன்னா சரி."

"அப்ப லாலாங் அங்கதான் இருக்கும்," என்றார் பத்துமலை. சாபம் போல.

செப்டம்பர் கடைசியில் நாற்பத்தொரு கிரகம் ஆயிற்று. விரல் வீங்கியது அப்போதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர் மனைவி ராக்காயி நல்லெண்ணெயைச் சுடவைத்து விரலில் தேய்த்துவிட்டாள். அவள் முழங்கை வரை மெல்லிய கீறல்கள்.

"கையில என்னடி?"

"கோயில்ல கோத்தோங் ரோயோங்குங்க. எல்லாருமா சேந்து புல்லு வெட்டுனோம்."

"கூட நின்னு பாத்தது யாரு?"

"யாரும் நிக்கல."

"அப்ப வேலை முடிஞ்சிருக்காது."

"அன்னிக்கு வெட்ட வேண்டியது பன்னெண்டு மணிக்கே முடிஞ்சிருச்சு," என்று சொல்லி ராக்காயி விரலை அழுத்தித் தேய்த்தாள். பத்துமலை, "ஆ!" என்றார்.

திங்கட்கிழமை ஆத்தோரத்தில் கலகம் வந்தது. திரையில் அந்தக் கிரகம் விட்டு விட்டு மின்னியது.

"என்ன தம்பி சொல்லுது?"

லியோனார்ட் வாசித்துப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினான். "ஆத்தோரத்துக்காரங்க வேலைக்கு வரலயாம். ஒங்க ஆட்சி வேணாமாம்."

"எவன் கெளப்பி விட்டது? சங்கத்துக்காரனா?"

"அங்க சங்கமெல்லாம் இல்லண்ணே."

"சங்கம் இல்லாமயா வேலைய நிறுத்துவான்? நல்லா பாரு."

மேட்டு லயத்திலிருந்து பன்னிரண்டு கப்பலை ஆத்தோரத்துக்கு அனுப்பினார். மேட்டு லயம் காலியாக இருப்பதைப் பார்த்து எதிரி அதைப் பிடித்துக்கொண்டான். அதை மீட்கக் குளத்துக்காட்டு ஆட்களைக் கப்பலில் ஏற்றினார். குளத்துக்காட்டில் பயிர் வைக்க ஆள் இல்லை, பஞ்சம். பழைய ஆஸ்பத்திரியின் சாப்பாட்டைக் குளத்துக்காட்டுக்குத் திருப்பினார். மறு வருடம் பழைய ஆஸ்பத்திரியிலும் கலகம். பத்துமலை எழுந்து நின்று திரையைப் பார்த்துக் கத்தினார்:

"வாங்குற கூலிக்கு வேலை செய்யத் தெரியாத நாய்ங்களா! அரைப்பேரு போட்டுருவேன்!"

கீழே அந்தச் சத்தம் நன்றாகக் கேட்டது. பதினாறு பெண்களும் ஒரு நொடி தலைநிமிர்ந்தார்கள். சத்தம் கூரையிலிருந்து வருகிறது, முதுகுக்குப் பின்னாலிருந்து அல்ல என்று தெரிந்ததும் குனிந்து வேலையைத் தொடர்ந்தார்கள்.

தவுக்கே வர மூன்று நாள் இருந்தபோது விரலை மடக்கவே முடியவில்லை. பத்துமலை சட்டைப்பையிலிருந்து பழைய பெரட்டு விசிலை எடுத்தார். பித்தளை விசில். தோட்டத்தை விட்டு வரும்போது ஒப்படைக்காமல் கொண்டுவந்தது. அதன் முனையால் 'என்'னை அமுக்கினார். விரலைவிட வசதியாக இருந்தது. மத்தியானத்துக்குள் 'என்' பொத்தான் இரண்டாகப் பிளந்துவிட்டது.

"அண்ணே! தவுக்கே மெசினுலா இது!" லியோனார்டுக்கு முகம் வெளுத்தது.

"பதறாத. ஒட்டிரலாம். கித்தாப்பாலு ஒட்டாத சாமான் உலகத்துல இருக்கா?"

கீழே தொட்டியிலிருந்து ஒரு குவளை பால் கொண்டுவந்தார். லியோனார்ட் தடுக்குமுன் ஊற்றினார். ஒரு சொட்டு போதும். அவர் தோட்டத்து ஆள், தாராளமாக ஊற்றினார். பால் 'என்'னுக்கு அடியில் போய், பக்கத்துப் பொத்தான்களுக்கும் பரவி, இறுகியது. 'என்' அமுங்கியபடியே நின்றுவிட்டது.

மிசின் கேட்டுக்கொண்டே போனது. 'என்' பதில் சொல்லிக்கொண்டே போனது. கவர்னர் வேண்டுமா? என். விதை போடவா? என். கப்பல் கட்டவா? என். சாப்பாடு அனுப்பவா? என். திரை கொள்ளாமல் என் என் என் என் என்று வரிசை வரிசையாக ஏறியது. ஐந்து நிமிடத்தில் பதினோரு வருடம் ஓடிவிட்டது. எல்லாம் அவர் வேலை. ஒரு வேலையும் நடக்கவில்லை. ஒன்பது கிரகத்தில் பஞ்சம். ஆறில் கலகம்.

லியோனார்ட் ஸ்குரூ டிரைவரால் பொத்தானை நெம்பி எடுத்தான். சத்தம் நின்றது. இனி 'என்' கிடையாது. அந்தக் கீழ் வரிசை முழுக்கச் செத்துவிட்டது. மேல் வரிசையில் 'ஒய்' மட்டும் பளபளவென்று, புதிதாக இருந்தது. யாரும் தொடாத பொத்தான்.

"வேற வழியில்லண்ணே."

"அத அமுக்குறதும் ராஜினாமா குடுக்குறதும் ஒன்னுதான், தம்பி."

"அமுக்கலன்னாலும் அதுதான்."

பத்துமலை இடது கைக் கட்டைவிரலால் நாற்பது தடவை 'ஒய்' அமுக்கினார். மேட்டு லயம் எதிரியிடம் இருந்தது. ஒவ்வொரு தடவையும், பல் பிடுங்கும்போது கண்ணை மூடுவது போல மூடிக்கொண்டார்.

மறுநாள் கிரகங்கள் நிமிரத் தொடங்கின. யாரும் சொல்லாமல் குளத்துக்காட்டில் பயிர் வைத்தார்கள். பழைய ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு போனது. கலகம் ஒவ்வொன்றாக அடங்கியது. ஆத்தோரம் தானாக வேலைக்குத் திரும்பியது. அதற்கடுத்த நாள் மேட்டு லயத்தையும் மீட்டுவிட்டார்கள். நாற்பத்தொரு 'ஒய்' ஆயிற்று.

"யாரு சொன்னா இதெல்லாம் செய்ய?"

"யாரும் சொல்லலண்ணே. அவங்கவங்க எடத்துல என்ன வேணும்னு அவங்களுக்குத் தெரியுது."

பத்துமலைக்குச் சந்தோசம் வரவில்லை. இருபத்திரண்டு வருடம் நாலு மணிக்கு எழுந்து, டார்ச் லைட்டோடு மரம் மரமாக நடந்து, ஒவ்வொரு மரத்திலும் வெட்டின காயத்தை விரலால் தடவிப் பார்த்தவர் அவர். மழையிலும் போனார். காய்ச்சலிலும் போனார். அவர் போகாமல் இருந்திருந்தாலும் பால் வடிந்திருக்குமோ? அந்தக் கேள்வி அவருக்குப் பிடிக்கவில்லை. கோப்பியைக் குடித்தார். அது ஆறியிருந்தது.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குத் தவுக்கே மாடிக்கு வந்தார். பத்துமலை எழுந்து, துரைக்கு நிற்பது போல விறைப்பாக நின்றார்.

"நாப்பத்தொரு கிரகம், தவுக்கே. பஞ்சம் இல்ல, கலகம் இல்ல. ஆளு எல்லாரும் வேலையில இருக்காங்க."

தவுக்கே திரையைப் பார்த்தார். பத்துமலையைப் பார்த்தார். லியோனார்ட் கோப்பு அலமாரிக்குள் எதையோ தீவிரமாகத் தேடிக்கொண்டிருந்தான்.

"என்ன கிரகம்லா? ஒனக்குக் கிரகம் சரியில்லையா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தவுக்கே கையிலிருந்த தாளை மேசையில் வைத்தார். "இத பாரு. ஆகஸ்டு, நூத்துக்குப் பன்னெண்டு ஓட்டை. செப்டம்பர், ஏழு. இந்த மாசம், மூணு. பத்து வருசமா நான் இத பாத்ததில்ல. நீ லைன்ல என்ன செஞ்ச?"

பொய் சொல்லப் பத்துமலைக்கு நேரம் கிடைக்கவில்லை.

"ஒன்னும் செய்யல, தவுக்கே."

"நல்லது. அதயே செய். மாத்தாத."

தவுக்கே படி வரை போய்விட்டார்.

"தவுக்கே... அப்ப கம்பியூட்டரு பரிச்சை?"

"அது லியோனார்டு பாப்பான். ஒன் வேலை இருக்கு, போ," என்ற குரல் படியிலிருந்து வந்தது.

வேலை இருக்கிறது. பத்துமலை நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு, இரண்டு மாதத்தில் முதல் தடவையாக, லைனைப் பார்க்கக் கீழே இறங்கினார்.

லைன் ஓடிக்கொண்டிருந்தது. சங்கிலி ஒரே வேகத்தில் போனது. பீங்கான் கைகள் வந்தன; பெண்களின் கைகள் கையுறைகளை உரித்தன. எதிர்வரிசையில் யாரோ எதற்கோ சிரித்தார்கள், கை நிற்கவில்லை. பத்துமலை பழக்கத்தில் வீரம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றார். ஒரு நொடி யோசித்து, சுற்றி வந்து, அவள் முன்னால் நின்றார்.

நல்லதாக ஏதாவது சொல்லத்தான் வந்தார். வாயிலிருந்து வந்தது இது:

"ஏன் இவ்வளவு லைட்டு எரியுது?"

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"என் வேலை தப்பிச்சிருச்சு, வீரம்மா. எல்லாம் அந்த டிஸ்கெட்டுனால. அதுமட்டும் வரலன்னா நான் இங்கயே நின்னுகிட்டு இருந்திருப்பேன், ஓட்டையும் பன்னெண்டாவே இருந்திருக்கும். லியோனார்டுக்கு ஏதாச்சும் செய்யணும். நான் அவனுக்குக் கடன்பட்டிருக்கேன்."

வீரம்மா ஒரு கையுறையை உரித்துப் பெட்டியில் போட்டாள். அடுத்ததையும் உரித்தாள். கையை நிறுத்தாமல் சொன்னாள்:

"ஆமாண்ணே, ஒங்கள மாடியிலயே வச்சிருக்க அந்த வெளையாட்டு டிஸ்கெட்டுக்கு லியோனார்டு தம்பி அவரு கோப்பெங் மனையில லாலாங் வெட்ட பதினெட்டு ஆளுக்கு ஆளுக்கொரு ஞாயித்துக்கிழம கேட்டுச்சு, நாங்க பதினாறு பேரும் ஒங்க வீட்டு ராக்காயி அக்காவும் வெட்டிக் குடுத்துட்டோம், பாக்கி ஒரே ஒரு ஞாயித்துக்கிழம, அது ஒங்களோடது, அரைப்பேரு கெடையாது, முழு நாளு."